இடது இருக்கையின் பத்தொன்பது கிலோ

குனோங் ராபாட்டில் சுகுமாரனைப்போல வளைவு எடுக்கிற ஆள் இன்னும் பிறக்கவில்லை. அவனுடைய சிவப்புச் சத்ரியா கார் சீறிக்கொண்டு வந்தால் சுண்ணாம்பு மலையே அரையடி பின்னுக்கு நகர்ந்து வழிவிடும். சரி, மலை நகர்ந்தது என்பது என் கைச்சரக்கு. நகர்ந்தது ஒரு மண் லாரி. அதுவும் அதை ஓட்டியவர் கைத்தொலைபேசியில் கதையளந்துகொண்டிருந்து திடுக்கிட்டதால். ஆனாலும் வளைவு எடுப்பதில் அவன் கெட்டிக்காரன் என்பதில் கலப்படம் கிடையாது. அப்பேர்ப்பட்டவன் மூன்று வருடமாக ஒரே ஒரு வளைவில் மட்டும் நத்தைபோல ஊர்ந்து போனான்.

அவனுக்கு நாற்பத்திரண்டு வயது. தஞ்சோங் மாலிமுக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய கார் தொழிற்சாலையில் வேலை. புது வண்டிகளின் கதவுகள் சட்டத்தோடு சரியாகப் பொருந்தியிருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். அரை மில்லிமீட்டர் இடுக்கு கூடினாலும் அவன் ஆள்காட்டி விரல் நின்றுவிடும். போக நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், திரும்பி வர அதே தூரம். இது போதாதென்று வருடத்தில் நாலைந்து ஞாயிற்றுக்கிழமை செப்பாங் பந்தயத் தடத்துக்குப் போவான். அவரவர் சொந்த வண்டியைக் கொண்டுபோய் ஆசை தீர ஓட்டிப் பார்க்கிற நாட்கள் அவை. பரிசும் இல்லை, மாலையும் இல்லை. டயரைத் தேய்த்துவிட்டு, திங்கட்கிழமை காலையில் அதே வண்டியில் வேலைக்குப் போக வேண்டும்.

ஒரே வண்டியில் இந்த இரண்டு காரியத்தையும் செய்ய நினைப்பவர்களுக்குத் தொல்லை ஸ்பிரிங்கில் ஆரம்பிக்கும். தடத்துக்கு வண்டி தாழ்ந்து, விறைப்பாக, வளைவில் சாயாமல் இருக்க வேண்டும். வேலைக்குப் போகிற சாலைக்கோ பள்ளம் மேடெல்லாம் உடம்புக்குத் தெரியாமல் மெத்தென்று இருக்க வேண்டும். ஒன்றைப் பிடித்தால் மற்றது நழுவும்.

மூன்று வருடத்துக்கு முன் சுகுமாரன் இதற்கு ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தான். ஊரில் பாதிப் பேர் செய்கிற வேலைதான்: வண்டியோடு வந்த ஸ்பிரிங்கைக் கழற்றி, அதில் ஒன்றரைச் சுற்றை அறுத்து எறிந்துவிட்டுத் திரும்ப மாட்டுவது. ஸ்பிரிங் போத்தோங் என்பார்கள். வண்டி மூன்று விரல்கடை தாழ்ந்தது. பார்க்கச் சிறுத்தை பதுங்கினாற்போல இருந்தது. உட்கார்ந்தால்தான் தெரியும். சாலையில் கிடக்கும் சிகரெட் துண்டின்மேல் ஏறினாலும் அது எந்த மார்க் என்று இடுப்பெலும்பு சொல்லிவிடும்.

அப்போது அவனோடு தினமும் இடது இருக்கையில் உட்கார்ந்து போனவன் அவன் தம்பி தீபன். அதே தொழிற்சாலை, அதே ஷிப்ட். தீபனும் அம்மா பாப்பாவும் கோப்பேங் பக்கம் செம்பாக்கா தோட்டத்தில், தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளான பழைய லயத்தில் இருந்தார்கள். ரப்பர் மரங்களை அழித்துப் பத்து வருடம் ஆகிவிட்டது. ஒரு பக்கம் எண்ணெய்க்கான செம்பனை, இன்னொரு பக்கம் வீட்டுமனை. லயத்தில் நாலே வீட்டில்தான் விளக்கு எரிந்தது. சுகுமாரன் காலையில் அங்கே போய்த் தம்பியை ஏற்றிக்கொண்டு ஹைவேக்குத் திரும்புவான். தீபனுக்குச் சின்ன வயதில் ரப்பர் பால் வாளி சுமந்ததில் இடுப்பில் ஒரு கோளாறு. வண்டி குலுங்கும்போதெல்லாம் ஜன்னலுக்கு மேல் இருக்கும் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கி, இருக்கையில் பட்டும் படாமலும் உட்கார்ந்து வருவான்.

“அண்ணே, இது வண்டியா, கல்லுரலா? என் இடுப்புல மாவு ஆட்டுது லா.”

“ரெண்டு வாரம் பொறு, பழகிரும். தலகாணி வெச்சுக்க.”

“மெத்தையே வெச்சாலும் பத்தாது. நாளைக்கு நான் மோட்டார்ல வாரேன்.”

“வா லா. கெழவன் மாதிரி முனகாத.”

அண்ணன் தம்பியிடம் கடைசியாகப் பேசியது அவ்வளவுதான். மறுநாள் காலை மழை. தோட்டத்துச் சாலையில் பால் ஸ்டோர் வளைவு என்று ஒன்று. ரப்பர் மரம் சீவிய காலத்தில் அந்தப் பாலை நிறுத்து ஊற்றிய கொட்டகை அங்கே இருந்தது, பேர் ஒட்டிக்கொண்டது. மனை வேலைக்குப் போன லாரிகள் சிந்திய செம்மண் அந்த வளைவில் களியாகக் கிடந்தது. தீபனின் மோட்டார் சைக்கிள் அதில் வழுக்கியது. முப்பத்து மூன்று வயது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே சுகுமாரன் அறுத்த ஸ்பிரிங்குகளைக் கழற்றி வீசிவிட்டு, சாதா ஸ்பிரிங்கும், குலுக்கலை அடக்கும் சாதா அப்சோர்பரும் போட்டான். அம்மாவைக் குனோங் ராபாட்டில் இருந்த தன் வீட்டுக்கு அழைத்து வந்தான். இனி தோட்டத்தில் அவனுக்கு வேலையே இல்லை. சிம்பாங் பூலாயில் ஹைவே ஏறினால் நேர் வழி. ஆனால் அவன் மனைவி சரளா கவனித்தாள்: அவன் முன்னைப்போலவே பன்னிரண்டு நிமிடம் சீக்கிரமாகத்தான் கிளம்பினான்.

ஒருநாள் அவள் கேட்டுவிட்டாள். “ஏங்க, தோட்டத்து வழியாவா போறீங்க?”

“அந்த வழில ஜாம் இல்ல.”

அந்த வழியில் ஜாம் ஆவதற்கு ஆளே இல்லை. அவன் லயத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்துவான். கூரை சரிந்த வீடுகள், காட்டுப்புல், ஒரு தண்ணீர்க் குழாய். இஞ்சினை அணைக்க மாட்டான். இடது பக்கக் கதவின் பூட்டை மட்டும் விடுவிப்பான். அரை நிமிடம் போகும். கதவு திறக்காது, மூடவும் மூடாது. ஆனால் வண்டி இடது பக்கம் மெதுவாகத் தாழ்ந்து நிற்கும். அப்புறம்தான் கியரைப் போடுவான். பால் ஸ்டோர் வளைவு வரும்போது ஊர்ந்து போவான். பனி மூடிய காலைகளில் இடது பக்கக் கண்ணாடியில் மட்டும் உள்பக்கமாக ஆவி படியும். யாரோ கண்ணாடிக்கு அருகில் முகத்தை வைத்து மூச்சு விடுகிற மாதிரி, ஒரு கிண்ணத்தின் வாயளவு. வலது பக்கம் துடைத்த மாதிரி இருக்கும். கண்ணாடியில் விரலால் பேர் எழுதியிருந்தது என்றுகூட நான் சொல்லலாம், எழுதவில்லை. ஆவி மட்டும்தான்.

அவன் பயப்படவில்லை. அதுதான் சரளாவுக்குப் பயமாக இருந்தது.

இரண்டு வருடம் அவன் செப்பாங் பக்கமே தலைகாட்டவில்லை. மூன்றாம் வருடம் கூட்டாளிகள் இழுத்துக்கொண்டு போனார்கள். மெத்தென்ற ஸ்பிரிங்கில் வண்டி ஒவ்வொரு வளைவிலும் படகு மாதிரி சாய்ந்தது. போதாக்குறைக்கு அப்சோர்பர் இரண்டு எண்ணெய் கக்க ஆரம்பித்திருந்தது. வலப்பக்க வளைவொன்றில் வால் பிடுங்கிக்கொண்டு, வண்டி ஒன்றரைச் சுற்றுச் சுற்றிப் புல்லில் போய் நின்றது. பின்னால் வந்தவன் ஒரு சாண் இடைவெளியில் தப்பித்துப் போனான். வீட்டுக்கு வந்து இதை அவன் சொல்லவில்லை. கூட்டாளி ஒருவன் அனுப்பிய வீடியோவைச் சரளா பார்த்துவிட்டாள்.

அவள் சத்தம் போடவில்லை. தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள். “ஒண்ணு, அந்தத் தடத்துக்குப் போறத விடுங்க. இல்லாட்டி, வண்டிய ஒழுங்காப் பண்ணுங்க. ரெண்டும் இல்லாம இப்படியே ஓடிக்கிட்டிருந்தீங்கன்னா, தம்பிக்கிட்ட போய்ச் சேந்துருவீங்க. அதுதான் வேணும்னா இப்பவே சொல்லிருங்க.”

அவன் சாப்பிட்டு எழுந்தான். மறுநாள் மெங்லெம்புவுக்குப் போனான்.

மெங்லெம்புவில் தக்ஷாயினியின் பட்டறை. அவளுக்கு முப்பத்தைந்து வயது. தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில் நிலையம் நிலையமாக மாற்றலாகி ஓய்ந்தவர். அப்பா பள்ளி ஆய்வாளர். வீட்டில் டாக்டருக்குப் படி என்றார்கள். அவள் வண்டிகளுக்கு டாக்டர் ஆனாள். அவளை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஸ்பிரிங், அப்சோர்பர் தவிர வேறு எதையும் தொடமாட்டாள். இஞ்சின் புகைகிறது என்று போனால் பக்கத்துக் கடையைக் காட்டிவிடுவாள்.

அவள் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தாள். “அண்ணே, உங்களுக்கு மூணு வழி இருக்கு. ஒண்ணு, இப்ப இருக்கிற மாதிரியே சாதா செட். தினமும் சொகுசு. ஆனா செப்பாங்ல நீங்க படகோட்டிதான். ரெண்டாவது, ஹை-லோ. வண்டி உயரத்தை ஏத்தலாம், இறக்கலாம், ஸ்பிரிங் நல்ல விறைப்பு. செப்பாங்ல பறப்பீங்க. திங்கக்கிழமை ஹைவேயில விழுந்த பல்லைப் பொறுக்குவீங்க.”

“மூணாவது?”

“ஸ்பிரிங் கொஞ்சம் மட்டும் விறைப்பு. அப்சோர்பர் உசத்தி. தலையில ஒரு திருகு இருக்கும், பதினாறு க்ளிக். வேலைக்குப் போறப்ப நாலு, தடத்துல பன்னிரண்டு. ஸ்பிரிங்கோட வேலை வண்டியைத் தாங்குறது. அந்த ஸ்பிரிங் துள்ளாம அடக்குறது அப்சோர்பர். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தணும். அவ்வளவுதான் ரகசியம்.”

சுகுமாரன் மேசைமேல் இருந்த விறைப்பான ஸ்பிரிங்கைத் தொட்டுப் பார்த்தான். கதவு தடவுகிற விரல். தொட்ட வேகத்தில் இழுத்துக்கொண்டான். “மூணாவது செட்டுல, இடுப்பு வலி இருக்கிற ஆள் உக்காரலாமா?”

“யாருக்கு இடுப்பு வலி?”

“ஒரு ஆளுக்கு.”

“தாராளமா உக்காரலாம். விறைப்பு கெடுதல் இல்ல அண்ணே. அறுத்த ஸ்பிரிங்தான் கெடுதல். ஸ்பிரிங்க அறுத்துட்டு பழைய அப்சோர்பரையே வெச்சா, அதுக்கு இறங்க இடமே இருக்காது. இடிக்குது பாருங்க, அது அதுதான்.”

“அப்ப, அறுக்காம முதல்லயே நல்ல செட்டு போட்டிருந்தா?”

“ஓம், அந்த ஆள் தூங்கிக்கிட்டே வந்திருப்பார்.” அவளுக்குக் கதை தெரியாது. விளையாட்டாகச் சொல்லிவிட்டுக் கையைத் துடைத்தாள். சுகுமாரன் வெளியே போய் கொஞ்ச நேரம் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

திரும்பி வந்தபோது தக்ஷாயினி நாள் குறித்துக் கொடுத்தாள். சனிக்கிழமை காலை வண்டியைக் கொண்டுவர வேண்டும். நாலு சக்கரத்துக்கும் அடியில் நாலு தராசுத் தட்டு வைத்து எடை பார்ப்பாள். அந்த எடையை வைத்துத்தான் எந்த ஸ்பிரிங், எவ்வளவு உயரம் என்று முடிவு. “வண்டில ஒண்ணும் இருக்கக்கூடாது அண்ணே. குடை, செருப்பு, சாமி படம் எல்லாம் வீட்டுல. காலி வண்டி.”

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சரளாதான் வண்டியைக் காலி செய்தாள். அவளுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் புரட்டி எடுக்கிற பலமான கை. குடை, செருப்பு, டோல் ரசீதுகள், காய்ந்துபோன எலுமிச்சம்பழம் எல்லாவற்றையும் ஒரு வாளியில் அள்ளிக்கொண்டு போனாள்.

சனிக்கிழமை காலை பத்து மணி. தராசுத் தட்டுகள்மேல் சத்ரியா ஏறி நின்றது. தக்ஷாயினி கையிலிருந்த திரையைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள்.

“அண்ணே, இடது பக்கம் என்ன வெச்சிருக்கீங்க?”

“ஒண்ணும் இல்லையே.”

“ஆள் இல்லாம நிறுத்தினா இந்த வண்டி ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமமா இருக்கும். அஞ்சாறு கிலோ இப்படி அப்படி. இது இடது பக்கம் பத்தொன்பது கிலோ அதிகம்.”

தட்டுகளை இடம் மாற்றினாள். பத்தொன்பது. டயர் காற்றைச் சரிபார்த்தாள். பத்தொன்பது. வண்டியை இறக்கி, தட்டுகளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, மறுபடி ஏற்றினாள். பத்தொன்பது. பின்பெட்டியைத் திறந்து பார்த்தாள். மாற்று டயர்கூட இல்லை.

“ஒருவேளை ஸ்பிரிங் தளர்ந்து...” என்று சுகுமாரன் இழுத்தான்.

“ஸ்பிரிங்கை எப்படி முறுக்கினாலும் இடது பக்க மொத்தம் மாறாது அண்ணே. அது ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குத்தான் தள்ளும். ஒரு பக்கம் எடை இருக்குன்னு தராசு சொன்னா, அங்கே எடை இருக்கு.”

சுகுமாரன் இடது பக்க ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றான். இருக்கை காலியாக இருந்தது. மேலே கைப்பிடி ஆடிக்கொண்டிருந்தது. வண்டியை இப்போதுதான் ஏற்றியிருந்தார்கள், அதனால் ஆடியிருக்கலாம். அவன் குரல் அவனுக்கே கேட்காத மாதிரி சொன்னான். “அவன் முழுசா உக்கார மாட்டான். கைப்பிடியப் புடிச்சுத் தொங்கிக்கிட்டுதான் வருவான். அதான் பத்தொன்பது.”

தக்ஷாயினி ஓரடி பின்னுக்கு நகர்ந்தாள். ஆனாலும் அவள் படித்த பெண். “கைப்பிடியப் புடிச்சுத் தொங்கினாலும் முழு எடையும் வண்டியிலதான் அண்ணே விழும்” என்று மட்டும் சொன்னாள். சொன்ன பிறகு அவளும் இருக்கையைப் பார்க்கவில்லை.

அடுத்த கேள்வியை அவள் கேட்டே ஆக வேண்டும். எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். தடத்தில் தனியாக ஓட்டுகிறவருக்கு ஒரு மாதிரி நாலு மூலையையும் சமன் செய்ய வேண்டும். பக்கத்தில் ஆள் உட்கார்ந்து வருவதாக இருந்தால் வேறு மாதிரி. ஒன்றுக்குச் செய்தது மற்றதுக்குச் சரியாக வராது.

“ஒருத்தருக்கு செட் பண்ணவா, ரெண்டு பேருக்கா?”

“ரெண்டு பேருக்கு” என்றான் சுகுமாரன்.

மத்தியானம் வீட்டுக்கு வந்து, குளித்து, தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபோது சரளா கேட்டாள். அவன் ஒன்றையும் மறைக்கவில்லை. பத்தொன்பதையும் சொன்னான், ரெண்டு பேர் என்றதையும் சொன்னான்.

சரளா கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டாள். “யாருங்க அந்த ரெண்டாவது ஆளு?”

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

“நான் அந்த வண்டில உக்காந்து மூணு வருசம் ஆச்சு. எனக்கு அதுல எடமில்ல. மறுபடியும் செப்பாங்ல உசுரக் கையில புடிச்சுக்கிட்டு ஓட்டுறீங்க. அதுலயும் ஒரு செத்த ஆளு உக்காந்து வரணும்னு எடை போட்டு வெக்கிறீங்க. பிசகி ஓடுற வண்டில நீங்க திரும்பி வருவீங்களா மாட்டீங்களா?”

அப்போதுதான் பாப்பா வாயைத் திறந்தாள். எழுபத்திரண்டு வயதிலும் பேர் பாப்பாதான். தோட்டத்துப் பதிவேட்டில் பேர் வைக்க மறந்துபோன குழந்தைகளுக்கு எல்லாம் அந்தப் பேர்தான். கூடத்து நாற்காலியில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தவள், “எத்தன கிலோன்னான்?” என்றாள்.

“பத்தொன்பது அத்தை.”

பாப்பா சிரித்தாள். சிவந்த வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “வாடா இங்க.”

வண்டியின் இடது கதவைத் திறந்தாள். இருக்கையை முன்னால் தள்ளச் சொன்னாள். அடியில் விரிப்பைத் தூக்கினாள். மஞ்சள் துணியில் சுற்றி, சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருக்க, ஒரு கல். தோட்டத்து முனியாண்டி. மனை வேலைக்குக் கோயில் மரத்தைச் சாய்த்தபோது, சாமியை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். பாப்பா பேசவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு மறுநாள், சுகுமாரன் புது ஸ்பிரிங் போட்டுக்கொண்டு வந்த அன்றைக்கு, பழைய கூட்டாளி ஒருத்தியோடு சேர்ந்து கல்லைத் தூக்கி வந்து இருக்கைக்கு அடியில் வைத்துவிட்டாள்.

“வழிக்காவல் சாமிடா. ஒரு புள்ளைய அந்த வழில விட்டேன். இன்னொண்ண விடுவனா? ஒங்கிட்ட சொன்னா வண்டில கல்லு எதுக்கும்ப. அதான் சொல்லல.”

சுகுமாரன் கல்லை அப்படியே தூக்கிக்கொண்டு போய், சரளா எடை பார்க்கிற தராசில் வைத்தான். முள் பத்தொன்பதில் நின்றது. ஒரு மயிரிழை குறைவு என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

“நேத்து நீ தொடச்சப்ப பாக்கலையா?” என்று சரளாவைக் கேட்டான்.

“சீட்டுக்கு அடில எவ கைய விட்டுத் தொடைப்பா?” என்றாள் அவள்.

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். சிரிக்கிறானா அழுகிறானா என்று பார்த்தவர்களுக்கே தெரியவில்லை. மூன்று வருடமாகத் தாழ்ந்த இடது பக்கம், ஊர்ந்து போன வளைவு, ஆவி படிந்த கண்ணாடி. எல்லாவற்றுக்கும் ஒரு கல். இதற்கா தினம் பன்னிரண்டு நிமிடம் சீக்கிரம் கிளம்பினேன் என்று வாய்விட்டே கேட்டான். பாப்பா அவன் தலைமேல் கை வைத்துக்கொண்டு நின்றாள். சாயங்காலம் தக்ஷாயினிக்குப் போன் போட்டான்.

“டாக்டர், மூணாவது செட்டே போட்டுருங்க. ஒருத்தருக்கு.”

“பத்தொன்பது?”

“அது சாமி. இறக்கி வீட்டுல வெச்சாச்சு.”

போனில் அவள் விட்ட பெருமூச்சு மெங்லெம்புவிலிருந்து நேராகவே கேட்டிருக்கும்.

முனியாண்டியை வாசல் கேட்டுக்குப் பக்கத்தில், செம்பருத்திக்குக் கீழே உட்கார வைத்தார்கள். பாப்பா ஒரு சுருட்டும் ஒரு போத்தல் பீரும் படைத்தாள். சாமான் வந்து சேர ஒரு வாரம். அந்த வாரமும் சுகுமாரன் தோட்டத்து வழியாகத்தான் போனான். கால் அப்படிப் பழகியிருந்தது. திங்கள், செவ்வாய், புதன், வியாழன். லயத்துக்கு முன்னால் நிறுத்தினான், பூட்டை விடுவித்தான், தன்னையே திட்டிக்கொண்டு கிளம்பினான். கல் இல்லாத வண்டி ஏன் இன்னும் தாழ்கிறது என்று அவன் யோசிக்கவில்லை. அப்சோர்பர் செத்துப்போன வண்டி எப்படி வேண்டுமானாலும் நிற்கும்.

வெள்ளிக்கிழமை காலை தூறிக்கொண்டிருந்தது. அவன் எட்டிச் சாய்ந்து, உள்ளேயிருந்தபடி இடது கதவைத் தள்ளித் திறந்தான். ஏன் திறந்தான் என்று அவனுக்கே தெரியாது. ஈரப் புல் வாசனை உள்ளே வந்தது. “கல்லுரல் இல்லடா இப்ப” என்றான். “நல்ல செட்டு. நாளைக்குப் போடுறாங்க.” கொஞ்சம் பொறுத்து, “கெழவன்னு சொன்னேன் பாரு, அத மனசுல வெச்சுக்காத” என்றான். அரை நிமிடம், ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். மழைச்சாரலில் இருக்கை நனைந்தது. கதவை இழுத்துச் சாத்தினான். கதவுகளையே தொட்டுப் பிழைக்கிறவன்; சாத்துகிற அதிர்வில் ஏதோ வித்தியாசம் என்று அவன் விரலுக்குத் தெரிந்தது. வண்டி மெல்ல நிமிர்ந்து நின்றது. அன்றைக்கு பால் ஸ்டோர் வளைவை எல்லாரையும்போல எடுத்தான்.

சனிக்கிழமை தக்ஷாயினி புது செட்டை மாட்டி, வண்டியைத் தராசுத் தட்டில் ஏற்றினாள். இரண்டு பக்கமும் ஒன்றரைக் கிலோ வித்தியாசம். “சாமி இறங்கிட்டார்” என்று சிரித்தாள். அப்புறம் அவனை உள்ளே உட்கார வைத்து, அவன் எடைக்கு மட்டும் நாலு மூலையையும் சமன் செய்தாள்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை செப்பாங். திருகு பன்னிரண்டாம் க்ளிக்கில். முன்பு சுற்றிப் புல்லில் போய் விழுந்த அதே வளைவில், வண்டி தண்டவாளத்தில் ஓடுகிற மாதிரி ஓடியது. சாய்வு இல்லை, துள்ளல் இல்லை. அவன் மூன்று தடவை அந்த வளைவை எடுத்தான். மூன்றாம் தடவை இடது பக்கம் திரும்பிப் பார்த்தான். கைப்பிடி அதன் இடத்தில் அசையாமல் இருந்தது. அப்படி ஒரு நல்ல ஓட்டத்தைப் பார்க்கப் பக்கத்தில் யாரும் இல்லை என்று தோன்றியதாம். அத்தோடு நிறுத்திக்கொண்டு தடத்தை விட்டு வெளியே வந்துவிட்டான். திங்கட்கிழமை திருகை நாலுக்குக் கொண்டுவந்து, சிம்பாங் பூலாயில் ஹைவே ஏறினான். பன்னிரண்டு நிமிடம் கூடுதலாகத் தூங்கினான். சனிக்கிழமைகளில் சரளா இடது இருக்கையில் உட்கார்ந்து சந்தைக்குப் போய் வருகிறாள். சொகுசாக இருக்கிறது என்கிறாள்.

ஒரு கல்லை ஒரு மனிதன் மூன்று வருடம் தம்பி என்று நினைத்துச் சுமந்த கதை இவ்வளவுதான் என்று எழுதி முடித்து, சரளாவிடம் படித்துக் காட்டினேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். முடிந்ததும் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். சுகுமாரன் வெளியே டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான்.

“எல்லாம் சரி. ஒண்ணு மட்டும் தப்பு” என்றாள் தாழ்ந்த குரலில். “வெள்ளிக்கிழமை வண்டிய காலி பண்ணப்பவே அந்தக் கல்ல நான் பாத்துட்டேன். காலி வண்டின்னு டாக்டர் சொன்னாங்களேன்னு தூக்கியாந்து, துணி தொவைக்கிற மெசினுக்குப் பின்னால வெச்சேன். அவரு சனிக்கிழமை எடை பாத்துட்டு வந்து குளிக்கப் போனப்பதான், அத்தைக்குத் தெரிஞ்சா வையுமேன்னு திரும்பக் கொண்டுபோய் அடில வெச்சேன். அத்தை அதக் காட்டினதும் அவரு மொகம் தெளிஞ்சிச்சு. நான் வாயத் தொறக்கல. நீங்களும் தொறக்காதீங்க. அன்னிக்கு தராசுல ஏறினப்ப கல்லு வண்டில இல்ல.”